ஸ்டீம் கிடையாது

கல்யாணராமன் சார் மேஜைமேல் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மொக்கையன். சும்மா ஃபார்மாலிட்டிதான்."

தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் என் பேரும், பாய்லரில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையும் தெரியும். அவ்வளவுதான். ஆனால் அறுபத்தெட்டு வயதுக்கு ஒன்று தெரிந்துவைத்திருக்கிறேன். சும்மாதான் என்று சொல்லி ஒருவர் பேனாவை நீட்டினால் அதைத் தொடக்கூடாது.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"டேங்க் கெட்டுப்போச்சில்லையா. அதுக்கு ஒரு காரணம் எழுதி மேல அனுப்பணும். ஆபரேட்டர் எரர்னு போட்டிருக்கேன். ஸ்டீம் சரியா பிடிக்கலைன்னு. உங்களை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நான் இருக்கேன்."

"ஆபரேட்டர்னா யாரு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கதான்."

"அப்ப நான் போடமாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் இடம் மதுரைக்கு வெளியே சமயநல்லூரைத் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது. போர்டில் ஆராய்ச்சி மையம் என்று எழுதியிருக்கும். சுற்றுப்பட்டில் கேட்டால் கிருமிக் கம்பெனி என்று கையைக் காட்டுவார்கள். நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ஓட்டிவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தேன். கிருமியை வளர்க்க எதற்குப் பாய்லர் என்று வந்த அன்றே கேட்டேன். வளர்ப்பதற்கு அல்ல, கொல்வதற்கு என்றார்கள்.

அது இப்படி. பிரியம்வதா என்று ஒரு பெண் இங்கே வேலை பார்க்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கினவள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவள் மதுரையில் ஒரு தோல் மண்டி வாசலில், மூக்கைப் பிடித்தாலும் நிற்க முடியாத இடத்தில், ஒரு டப்பா மண் அள்ளிவந்தாள். அந்த மண்ணிலிருந்து ஒரு கிருமியைத் தனியாகப் பிரித்தாள். அதற்கே இரண்டு வருஷம் ஆனது. அந்தக் கிருமி ஒரு சாறு விடும். என்சைம் என்பார்கள். ஆட்டுத்தோலை அந்தச் சாற்றில் ஊறப்போட்டால் முடியின் வேர் பிடி விட்டுவிடும். இப்போது தோல் பதனிடுகிற ஷாப்புகளில் முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் போகிற வழியெல்லாம் கிணறு நாசம். இந்தச் சாறு அந்த வேலையை அந்த நாசம் இல்லாமல் செய்யும் என்று அவள் சொன்னாள்.

நான் நம்பவில்லை. எதையும் சட்டென்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ராத்திரி ஊறின தோல் ஒன்றை விரித்து, "தடவிப் பாருங்க ஐயா" என்றாள். கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். நனைந்த பஞ்சு மாதிரி முடி கையோடு வந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்குத்தான் சரி, இந்தப் பிள்ளை ஏமாற்றுக்காரி இல்லை என்று முடிவு செய்தேன்.

சாறு நிறைய வேண்டுமென்றால் கிருமி நிறைய வேண்டும். அதற்கு ஐந்நூறு லிட்டர் டேங்க் ஒன்று. அதில் சோயா மாவும் மக்காச்சோள மாவும் கரைத்துத் தீனி வைப்போம். மாவிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே இருக்கிற கண்ட கண்ட கிருமியெல்லாம் முதலில் சாக வேண்டும். அதற்குத்தான் ஸ்டீம். நூற்று இருபத்தொரு டிகிரியில் நாற்பது நிமிஷம். ஒரு நிமிஷம் குறைந்தாலும் அதில் ஏதோ ஒன்று பிழைத்துக்கொள்ளும். அப்புறம் ஆறவைத்து, டேங்க் தலையில் இருக்கிற ரப்பர் மூடி வழியாக நம் கிருமியை விடுவார்கள். அதை விதை என்போம். விதை விடுகிறபோது அந்த ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, சுற்றிலும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, தீக்கு நடுவே ஊசியைக் குத்துவார்கள். பார்க்க யாகம் மாதிரி இருக்கும். அது பிரியம்வதா வேலை. ஸ்டீம் என் வேலை.

இந்தத் தடவை ஆயுத பூஜையன்று காலையில் டேங்கை வேகவைத்து, ஆறவைத்து, வால்வுகளை மூடிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் துலங்கும் என்று கல்யாணராமன் சார் நேரம் குறித்திருந்தார். அவர் இந்த மையத்தின் தலைவர். அவர் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த வியாழக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து தோல் ஷாப்புக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் முடி உதிர வேண்டும். உதிராவிட்டால் இந்த வேலையையே மூடச் சொல்லி மேலிருந்து கடிதம் வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு வந்தபோது, வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் கிருமி வளர்ந்தால் ஒரு வாடை வரும், ஊறின தோல் வாடை. அன்று வந்தது புளித்த மாவு வாடை. டேங்க் மேலே நுரை தள்ளியிருந்தது. வேறு எதுவோ உள்ளே புகுந்து தீனியைத் தின்றுவிட்டது. ஐந்நூறு லிட்டரும் சாக்கடைக்குப் போனது. அன்று மத்தியானம்தான் அந்தத் தாள் என் முன்னால் வந்தது.

"மொக்கையன், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் சார். "வயசாகுது. கேஜைப் பார்க்கிறதுல ஒரு தடவை பிசகு வரலாம். தப்பில்லை."

"வந்திருந்தா நானே சொல்லுவேன். பிசகலை."

"அதை எப்படிச் சொல்றீங்க? அன்னிக்குச் சூட்டைப் பதியுற சார்ட் பேப்பர் ஓடலை. ரெக்கார்டர் ரிப்பேர்."

"சார்ட் பேப்பரை நான் என்னைக்கு நம்பினேன்? பாய்லர் ரூம் ஜன்னல்ல ஒரு பாட்டில் இருக்கு. போய்ப் பாருங்க."

அந்தப் பாட்டில் விஷயம் அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் வேகவைத்து ஆறினதும், விதை விடுவதற்கு முன்னால், அடிவால்வில் ஸ்டீம் அடித்துச் சுத்தம் செய்து, அவித்த பாட்டிலில் கொஞ்சம் தீனியைப் பிடித்து, அவித்த பஞ்சால் வாயை அடைத்து வைத்துவிடுவேன். நான் சரியாக வேகவைக்கவில்லை என்றால் இரண்டாம் நாளே அது நுரைத்து நாறி, பஞ்சை வெளியே தள்ளிவிடும். சரியாக வெந்திருந்தால் ஒரு வாரம் ஆனாலும் அப்படியே இருக்கும். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. என்றைக்காவது ஒரு தாள் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் வைத்தேன்.

"இதெல்லாம் ரூல்ல இல்லையே" என்றார் சார்.

"ரூல்ல இருந்திருந்தா உங்க அலமாரியில இருந்திருக்கும். இன்னைக்குக் காணாமப் போயிருக்கும்."

சொன்னது அதிகப்படிதான். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாசலில் நின்றுகொண்டிருந்த பிரியம்வதா நேராகப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணி வரச்சொன்னாள். லீவு நாள். வாசல் காவலாளியைத் தவிர வேறு ஆள் இல்லை. மேஜைமேல் பால் தட்டுகளை வைத்திருந்தாள். பாலைக் கடல்பாசிக் கூழோடு சேர்த்து வட்டத் தட்டில் உறையவைத்திருப்பார்கள். தட்டு முழுக்க வெள்ளையாக இருக்கும். நம் கிருமியை அதில் விட்டால் அது பாலைத் தின்று தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம் போட்டுக்கொள்ளும். வளையம் இருந்தால் நம்ம ஆள். இல்லையென்றால் அந்நியன். படிக்காதவனுக்கும் தெரிகிற பரீட்சை இது ஒன்றுதான்.

"இது உங்க பாட்டில்" என்று முதல் தட்டைக் காட்டினாள். வெள்ளையாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்றுமே முளைக்கவில்லை.

"இது கெட்டுப்போன டேங்க்." இரண்டாவதில் கொழகொழவென்று மஞ்சளாய்ச் சளி மாதிரி படர்ந்திருந்தது. வளையம் இல்லை.

"அப்ப ஸ்டீம் சரி."

"ஸ்டீம் சரி ஐயா. நூத்துக்கு நூறு."

மூன்றாவதாக ஒரு தட்டு அவள் நோட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஓரம் தெரிந்தது.

"அது என்ன தாயி?"

அவள் நோட்டை எடுத்தாள். அதே மஞ்சள், அதே சளி.

"இது எங்க உள்ளது?"

"டேங்க் தலையில, ரப்பர் மூடியில காஞ்சு ஒட்டியிருந்துது. சுரண்டி எடுத்தேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சந்தனம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. ஆயுத பூஜையன்று என் பாய்லருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொரி கடலை வாங்கிக்கொண்டு நான் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். டேங்க் இருக்கிற ரூமுக்குள் நான் போகவில்லை.

"மூடி மேலயா வச்சாங்க?"

"நடு மூடியில. பெரிய பொட்டா. பக்கெட் தண்ணியில குழைச்ச சந்தனம். ராத்திரி முழுக்க ஈரமா இருந்திருக்கு. மறுநாள் நான் அதுக்கு நடுவுலதான் ஊசியைக் குத்தினேன்."

"நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பீங்களே?"

"தேய்க்கலை."

"ஏன்?"

"பூஜை பண்ணின சந்தனம் ஐயா. அதைப் போய் ஸ்பிரிட்ல துடைக்கக் கை வரலை. பஞ்சைக் கொளுத்தினேன், அந்தச் சூடே போதும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். விரலால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுக் குத்திட்டேன்."

"அம்புட்டுப் படிப்புப் படிச்சிருக்கீக."

"படிச்சா சாமி போயிடுமா?"

"சாமி எங்கயும் போகலை. டேங்க்தான் போச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக என் பேர்தான் அந்தத் தாளில் இருந்தது, அவள் பேர் இல்லை. "சாருகிட்ட இதை அப்படியே சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்வதாகச் சொன்னாள். சாயங்காலமே புது விதையைக் குடுவையில் ஏற்றிக் குலுக்குகிற மெஷினில் வைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் நான் டேங்கை வேகவைத்துக் கொடுத்தால், மூன்று மணிக்கு விதையை விடலாம். வியாழனுக்குள் சாறு வந்துவிடும். அதற்கு மேல் விதையை வைத்திருக்க முடியாது. கிருமி கிழடாகி, சாறு விடுவதை விட்டுவிட்டு ஓடு கட்டிக்கொண்டு தூங்கப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கல்யாணராமன் சாரே பாய்லர் ரூமுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"மொக்கையன், உங்க பேரை எடுத்துட்டேன். பிரியம்வதா எல்லாம் சொன்னா. உங்க மேல தப்பே இல்லை. நீங்க பாட்டில் வச்சது நல்ல காரியம். சந்தோஷம்தானே?"

எனக்கு ஒரு மூச்சு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"அப்ப யாரு பேரு போட்டிருக்கு சார்?"

"அது... பொதுவா போட்டிருக்கு. நீங்க பாய்லரை ஏத்துங்க, நேரமாச்சு."

அவர் போனதும் எலெக்ட்ரிசியன் அழகுபாண்டி உள்ளே வந்தான். இருபத்தெட்டு வயசு, வாய் நீளம். என்னை உறவு எதுவும் இல்லாமலே சித்தப்பு என்று கூப்பிடுவான்.

"சித்தப்பு, உனக்கு விடுதலை. தங்கப்பொண்ணு அக்காவுக்குத் தூக்கு."

"என்னடா சொல்ற?"

"தாளை நான்தான ஜெராக்ஸ் எடுத்தேன். 'துப்புரவுப் பணியாளர் அனுமதியின்றி உபகரணத்தைத் தொட்டதால்'னு இருக்கு. கான்ட்ராக்ட்காரனுக்கு ஒரு காப்பி போயாச்சு. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டானாம்."

தங்கப்பொண்ணு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசுக்காரி. இந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து கூட்டித் துடைக்கிறவள். டிபன் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் துடைப்பம் சாய்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் நீயா வச்ச?"

"நான்தேன் வச்சேன். இல்லைங்கல."

"யாரு வைக்கச் சொன்னா?"

"யாரு சொல்லுவா? சாருதேன். 'தங்கப்பொண்ணு, ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வையி, ஒரு மெஷினும் கோவிச்சுக்கக் கூடாது'ன்னு சிரிச்சாரு. டேங்க் தலை எனக்கு எட்டலை. ஸ்டூலைப் போட்டேன், அது ஆடுச்சு. அவருதேன் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டாரு. 'நடுவுல வையி, நடுவுல வையி'ன்னாரு."

"இதைச் சொல்ல வேண்டியதுதான?"

"யாருகிட்ட? ஸ்டூலைப் பிடிச்சவருகிட்டயா?" தூக்குவாளியை இறுக்கிக்கொண்டாள். "விடுங்கண்ணே. உங்க பேரை எடுத்துட்டாகள்ல. சோலியைப் பாருங்க. எனக்கு எங்கிட்டாவது ஒரு இடம் கிடைக்காமயா போகும்."

"நீ எந்திரிக்காத. இங்கயே உக்காரு."

"என்ன பண்ணப்போறீக? வம்பை இழுக்காதீக. நான் உங்களைக் கேட்டேனா?"

"நீ கேட்டாலும் கேக்காட்டியும் உக்காரு."

நான் பாய்லர் ரூமுக்குத் திரும்பினேன். பர்னர் சுவிட்சை அணைத்தே வைத்தேன். மெயின் வால்வை இறுக்கி மூடினேன். ஒரு ஸ்டூலைப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். மணி ஒன்பது. ஒன்பதேகால். ஒன்பதரைக்கு பிரியம்வதா வந்து எட்டிப் பார்த்தாள். கேஜில் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"ஐயா, இன்னும் ஏத்தலையா? விதை ரெடியாயிட்டு வருது."

"ஸ்டீம் கிடையாது தாயி. சாரை வரச்சொல்லுங்க."

அவர் ஓடித்தான் வந்தார். சட்டையில் வியர்வை.

"என்ன மொக்கையன் இது? உங்க பேரைத்தான் எடுத்தாச்சே!"

"எடுத்து அவ தலையில வச்சிருக்கீக."

"அவ தலையில யாரு வச்சா? நடந்ததைத்தான எழுதினேன். அவதான சந்தனம் வச்சா?"

"அவ வச்சா. நீங்க வைக்கச் சொன்னீக. அவ எட்டாம நின்னப்ப ஸ்டூலைப் பிடிச்சது நீங்க. அதுவும் நடந்ததுதான. அது தாள்ல இல்லையே."

"நான் மூடியில வையின்னா சொன்னேன்? பூஜைக்குப் பொட்டு வையின்னேன். ஊர் உலகத்துல பஸ்ஸுக்கும் லாரிக்கும் வைக்கலையா?"

"பஸ்ஸுக்குள்ள கிருமி வளர்க்கலை சார்."

அழகுபாண்டி பின்னால் நின்று சிரித்தான். சார் திரும்பிப் பார்த்ததும் ஒயரைப் பார்க்கிற மாதிரி நடித்தான்.

"அழகுபாண்டி, நீ பர்னரைப் போடு."

"நானா? சார், எனக்குச் சர்டிபிகேட் இல்லை. கல்யாணமாகி எட்டு மாசந்தான் ஆகுது. சித்தப்பு இல்லாம இதைத் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கும் ஒரு தாள் அடிப்பீங்க. அதுல என் பேரு இருக்கும். நான் இருக்கமாட்டேன்."

"சரி, வேற ஆளைக் கூப்பிடுறேன். மில்லுல எத்தனையோ பேர் இருக்காங்க."

"கூப்பிடுங்க" என்றேன். "பக்கத்து மில்லுல பாய்லர் ஓட்டுறவன் நான் பழக்கினவன். எனக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வருவான். நான் வராதன்னு சொல்லுவேன்."

சார் சுவரில் சாய்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். இந்த மையத்தை மூடவிடாமல் நாலு வருஷமாகத் தல்லாகுளம் ஆபீசுக்கும் சென்னைக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். ஆனால் எங்காவது ஒரு பேரை எழுத வேண்டும் என்று வந்தால், தாளில் பேனா தானாகவே கீழ்ப்பக்கம் இறங்குகிற ஆள். முதலில் என்னிடம் இறங்கியது. நான் தள்ளிவிட்டதும் இன்னும் ஒரு படி கீழே போய் நின்றது.

"மொக்கையன், நல்லா யோசிங்க. மேல நான் என்னன்னு எழுதுவேன்? தலைவரே பூஜை போட்டு டேங்கைக் கெடுத்தார்னா? சிரிப்பாங்க. வேலையை மூடுவாங்க. அப்புறம் நீங்களும் இல்லை, தங்கப்பொண்ணும் இல்லை, அந்தக் கிருமியும் இல்லை."

"மூடட்டும். பொய் எழுதி ஓடுறதுக்கு உண்மை எழுதி மூடட்டும்."

"உங்களுக்கு என்ன, சொல்லிடுவீங்க..."

"சார்" என்றாள் பிரியம்வதா.

அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பின்வாசல் படியிலிருந்து தங்கப்பொண்ணும் எழுந்து வந்து தூக்குவாளியோடு அவள் பின்னால் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காருகிறவள் இல்லை.

"சார், ஊசியைக் குத்தினது நான். சந்தனம் இருந்தது எனக்குத் தெரியும். துடைச்சிருந்தா டேங்க் கெட்டிருக்காது. துடைக்க வேண்டியது என் வேலை, தங்கப்பொண்ணு அக்கா வேலை இல்லை. என் பேரை எழுதுங்க."

"பிரியம்வதா, நீ பேசாம இரு. உன் கேரியர்..."

"நேத்து உங்ககிட்ட இதையும் சேர்த்துத்தான் சொன்னேன். நீங்க அதை மட்டும் விட்டுட்டு எழுதியிருக்கீங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பாய்லர் ரூமில் பம்ப் சத்தம்கூட இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். மணி பத்தேகால்.

"விதைக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"மூணு மணி. இழுத்தா நாலு. அதுக்கு மேல என்சைம் வராது."

"பாய்லர் ஏற?"

"முக்கால் மணி" என்றேன். "அப்புறம் டேங்க் சூடேற ஒரு மணி, பிடிக்க நாற்பது நிமிஷம், ஆற ரெண்டு மணி. நீங்க இப்ப எழுதினாலே இழுத்துப் பிடிச்சுத்தான் போகும்."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் வைத்து எழுதப் போனார். "தமிழ்ல எழுதுங்க" என்றேன். முறைத்தார். எழுதினார். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். நல்லாத்தான் இருந்தது.

"குடுங்க."

"அதான் வாசிச்சேனே?"

"நீங்க வாசிச்சீக. நான் வாசிக்கலை."

வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். எல்லோரும் காத்து நின்றார்கள். ஐந்து வரிக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பூஜையின்போது டேங்கின் ரப்பர் மூடியில் சந்தனம் வைக்கப்பட்டது, விதை விடும்முன் மூடி துடைக்கப்படவில்லை, துடைக்காதது பிரியம்வதா, ஸ்டீமில் குறையில்லை. அதெல்லாம் இருந்தது. வைக்கச் சொன்னது யார் என்று மட்டும் இல்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தப் பிள்ளை தன் பேரைத் தானே சொல்லிட்டா. நீங்க?"

"மொக்கையன்..."

"மணி பத்தரை சார்."

அவர் தாளை மறுபடி சுவரில் வைத்தார். முகத்தில் இருந்தது கோபமா வெட்கமா என்று நான் பார்க்கவில்லை. சந்தன வரிக்கு மேலே ஒரு குறி போட்டு, 'என் உத்தரவின்பேரில்' என்று எழுதி, கீழே முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளில் கான்ட்ராக்ட்காரனுக்கு, முதலில் அனுப்பியது தவறு, தங்கப்பொண்ணு வேலையில் தொடர வேண்டும் என்று எழுதினார். அழகுபாண்டியை இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவன் செய்தி வாசிக்கிறவன் மாதிரி குரலை மாற்றி வாசித்தான். அப்புறம் அவன் போனில் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

"என்மேல இம்புட்டுக்கூட நம்பிக்கை இல்லையா?" என்றார் சார்.

"இல்லை சார்."

தங்கப்பொண்ணு இப்போது என்மேல் பாய்ந்தாள். "நல்லாயிருக்கு. இனிமே இந்த மனுஷன் முகத்துல நான் எப்புடி முழிச்சுக் கூட்டுறது? கேட்டேனா நான்?" சொல்லிக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு டேங்க் ரூம் பக்கம் போனாள். நுரை வழிந்து காய்ந்த தரை மூன்று நாளாக அப்படியே கிடந்தது. பிரியம்வதா அவள் பின்னாலேயே ஸ்பிரிட் பாட்டிலோடு போனாள்.

நான் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, வால்வைத் திறந்து, பர்னரைப் போட்டேன். தீ பிடித்தது. கல்யாணராமன் சார் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உங்க கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது மொக்கையன். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார். மார்ச்சுக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. இப்ப அந்தப் பைப்பை விட்டுத் தள்ளி நில்லுங்க. சுடும்."